அதே எண், வேறு பட்டியல்

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, கூட்ட அறையில் ஒன்பது பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் நாத்தனார் இருபது மாதமாக விழுங்கி வந்தது வெறும் மாவு என்று நான் அறிவித்தேன். அவர் இன்னார் என்று சொல்லவில்லை. அந்த அறையில் அவர் முப்பத்தேழாம் எண். எண்பத்தெட்டு எண்களில் ஒன்று.

நான் வேலை பார்ப்பது ஒரு நரம்பியல் மருத்துவமனையில். நாடி பிடிக்கிற வேலை இல்லை, கணக்கு வேலை. கை நடுக்கத்துக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். எண்பத்தெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே அளவில், அதே நிறத்தில் மாவு. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. முடிவில் பட்டியலைத் திறந்து, மருந்து சாப்பிட்டவர்களின் கை அடங்கியதா என்று பார்ப்போம்.

திறந்தோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு நன்றாகக் குறைந்திருந்தது. மாவு சாப்பிட்டவர்களிலும் பாதிப் பேருக்கு அதே அளவு குறைந்திருந்தது. அப்படியென்றால் மருந்துக்கு வேலையே இல்லை. ஆறு வருடம் இதற்காக ஓடிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பிறகு, மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாம், எல்லோருக்கும் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நர்ஸ்களிடம் சொன்னார். அவ்வளவுதான்.

என் கண் மட்டும் முப்பத்தேழாம் வரியிலேயே நின்றது.

அண்ணி, அதாவது என் நாத்தனார், தையல்காரர். நாடகக் குழுக்களுக்குக் கோட்டும் திரைச்சீலையும் தைப்பவர். நாற்பத்தாறு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. அவருடைய தம்பிதான் அவரை எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார், லிஃப்ட் மெக்கானிக் சீருடையிலேயே. அக்கா உள்ளே படிவம் நிரப்பும்போது எங்கள் லிஃப்ட் சத்தம் சரியில்லை என்று காத்திருப்போர் அறையில் யாரிடமோ சொன்னார். அந்த யாரோ நான். ஆறு மாதத்தில் கல்யாணம். என் உறவு சோதனையில் இருக்கிறது என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். அண்ணியின் கையை அளக்கும் நாட்களில் நான் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஏற்பாடாயிற்று.

அளக்காமலே வீட்டில் தெரிந்தது. ஏழாவது மாதம் அண்ணி ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தார். எட்டாவது மாதம் காப்பியைத் தட்டு இல்லாமல் எடுத்து வந்தார். ஒரே ஒரு குறைதான். எதைச் சாப்பிட்டாலும் குண்டூசியை வாயில் வைத்த மாதிரி இருக்கிறது என்பார். தையல்காரருக்கு அந்த ருசி நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை நான் வீடு சேர்வதற்குள் நர்ஸ் போன் செய்துவிட்டிருந்தாள். அண்ணி மீதி மாத்திரை இருந்த புட்டியை ஒரு காகிதப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். திருப்பித் தரச் சொன்னார்களாம். பத்தொன்பது மீதி, எண்ணிக்கொள் என்றார்.

"இத்தன நாளும் என் கையே என்ன ஏமாத்தியிருக்கு பாரு, கணக்கு" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் என்னவோ சொன்னேன். மனசுக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பு பற்றி, படித்தவர்கள் சொல்கிற மாதிரி. அவர் கேட்டுக்கொண்டே மெஷினுக்கு உறை போட்டார். மறுநாள் அண்ணி ஒரு நாடகக் குழுவின் பதினாறு கோட்டுக்கான துணியைத் திருப்பி அனுப்பிவிட்டதாக என் கணவர் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு இடுப்பு வலி என்றாராம்.

புதன்கிழமை காலை. அறிக்கையில் கடைசி அட்டவணை மட்டும் பாக்கி. யார் யாருக்கு என்னென்ன உபத்திரவம், தலைவலி, தூக்கம், வாயில் உலோக ருசி. பழைய ஆய்வுகளில் எல்லாம் உலோக ருசி இந்த மருந்துக்கே உரிய அடையாளம். மாவுக்கு அது வராது. எங்கள் குறிப்பேடுகளில் இருபத்திரண்டு பேர் அதைச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கட்டங்களிலும் எண்கள் வந்து விழுந்தன.

மருந்து: பதினொன்று. மாவு: பதினொன்று.

முதலில் தட்டச்சுத் தவறு என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். பதினொன்று, பதினொன்று. மாவு தின்று பதினொரு பேருக்கு வாயில் இரும்பு ருசி. ஒரு நாணயத்தைச் சுண்டிச் சுண்டி ஆட்களை இரண்டாகப் பிரித்தால்தான் இப்படி வரும். திங்கட்கிழமை நான் திறந்தது உண்மையான பட்டியலே இல்லையென்றால்?

இங்கே நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்று குலுக்கிப் போட்டது கணினி. கணினிக்கு உண்மையாகக் குலுக்கத் தெரியாது. ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணிலிருந்து ஆரம்பித்துக் குலுக்குகிற மாதிரி நடிக்கும். அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே வரிசை, இம்மி பிசகாமல். விதை எண் என்போம். இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒரு விதை எண்ணைக் கொடுத்து, நாலு வரி நிரலை ஓட்டி, வந்த பட்டியலை அச்செடுத்து எங்கள் மருந்தாளுநரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துப் புட்டிகளை நிரப்பினார். எதையும் பூட்டி வைக்கிற பழக்கத்தால் அவருக்குப் பூட்டு என்றே பெயர். ஒரு பிரதியை உறையில் போட்டு அலமாரியில் வைக்கிறேனே என்று அவர் அன்று கேட்டார். வேண்டாம் என்றேன். காகிதம் இருந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், விதை எண் இருக்கும்போது பட்டியல் எதற்கு, எப்போது வேண்டுமானாலும் வரவழைத்துக்கொள்ளலாம் என்று வகுப்பெடுத்தேன். அவர் என் கண் முன்னால் பட்டியலைக் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஏற்பாட்டைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டிக்கூட இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அதே விதை எண், அதே நாலு வரி. மாறியது ஒன்றே ஒன்று. எட்டு மாதத்துக்கு முன், வரைபடங்கள் அழகாக வரும் என்று நானே கேட்டு வாங்கிய புதுக் கணினி. அதில், நான் நிரல் எழுதும் கணினி மொழியின் புதுப் பதிப்பு.

பதினோரு மணிக்கே கிளம்பி வீட்டுக்குப் போனேன். என் பழைய மடிக்கணினி உணவு மேசையின் ஓரத்தில், மூடியின் கீல் உடைந்து, சுவரில் சாய்ந்தபடி இருக்கும். என் கணவர் பாட்டுக் கேட்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறார். இரண்டு வருடமாக யாரும் அதில் எதையும் புதுப்பித்ததில்லை. அன்று அவருக்கு இரண்டு மணிக்குத்தான் வேலை. பாட்டை நிறுத்தாமலே எழுந்து இடம் கொடுத்தார்.

நாலு வரியையும் அடித்தேன். விதை எண்ணைக் கொடுத்தேன். பட்டியல் இறங்கியது. பையிலிருந்த திங்கட்கிழமைப் பட்டியலைப் பக்கத்தில் விரித்தேன்.

முதல் வரி ஒன்றாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது வரியில் மருந்து இருந்த இடத்தில் மாவு. பிறகு இரண்டும் தனித்தனி வழியில் போயின. விரலை வைத்து இறங்கினேன். முப்பத்தேழில் நின்றேன்.

மருந்து.

"என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்று பாட்டை நிறுத்தினார்.

சொன்னேன். பாதிதான் புரியும் என்று நினைத்தேன். அவர் இரண்டு பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இரு இரு. நீ குடுத்தது ஒரே நம்பர்தானே?"

"ஒரே நம்பர்தான்."

"மூணாவது மாடி பட்டன அழுத்தினா லிஃப்ட் அஞ்சாவது மாடிக்குப் போகுது. கதவு வேற ஒழுங்காத் தொறக்குது. யாருக்கும் சந்தேகமே வராது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"எங்க வேலைல இப்படி ஆனா மொதல்ல கரண்ட நிறுத்துவோம். அப்புறம்தான் யார் தப்புன்னு பேச்சு." பிறகு குரல் மாறிக் கேட்டார். "அக்கா சாப்பிட்டது மருந்துதானா?"

இன்னும் உறுதியில்லை, அவரிடம் மூச்சு விடாதீர்கள் என்றேன். ஒரு தடவை தப்பாகச் சொன்னது போதும். கீழே தையல் அறையில் மெஷின் சத்தம் இல்லை. இரண்டு நாளாகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டாக்டரிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பட்டியலை ஏன் கிழித்தாய் என்று ஒரே கேள்வி கேட்டார். பூட்டுதான் உதவிக்கு வந்தார். திரும்பி வந்த புட்டிகள் எல்லாம் அவரிடம் பூட்டித்தான் இருந்தன. எந்தப் பட்டியல் உண்மை என்று மாத்திரையையே கேட்கலாம் என்றார். இரண்டு பட்டியலும் முரண்படுகிற எண்களிலிருந்து பத்துப் புட்டிகளை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அவற்றில் ஒன்று பத்தொன்பது மாத்திரையோடு இருந்த முப்பத்தேழு. தான் சொன்னபடி அன்றே ஒரு பிரதியை உறையில் போட்டு வைத்திருக்கலாமே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவே எனக்கு வலித்தது.

அன்று பிற்பகல், அந்த மொழியை உருவாக்கிப் பராமரிப்பவர்களுக்குப் பிழை அறிக்கை எழுதினேன். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. நாலு வரியையும் ஒட்டினேன். பழைய பதிப்பில் கிடைத்த வரிசை இது, புதுப் பதிப்பில் கிடைத்தது இது. எதிர்பார்த்தது அதே பட்டியல், கிடைத்தது வேறு பட்டியல், எந்த எச்சரிக்கையும் திரையில் வரவில்லை. கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. குற்றவாளியைப் பிடித்துவிட்ட திருப்தியும் கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை பேர் நம்பியிருக்கும் ஒரு கட்டளையைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

வியாழன் காலை பதில் வந்திருந்தது. மரியாதையான பதில். 'தங்கள் அறிக்கைக்கு நன்றி. தாங்கள் குறிப்பிட்டது பிழையல்ல, திட்டமிட்டுச் செய்த மாற்றம். பழைய குலுக்கலில் மிகச் சிறிய ஒரு சாய்வு இருந்தது, பெரிய எண்ணிக்கைகளில் அது தவறான முடிவுகளைத் தந்தது, அதைத் திருத்தியிருக்கிறோம். பழைய வரிசையே வேண்டுமென்றால் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதும். இவை அனைத்தும் வெளியீட்டுக் குறிப்பில் உள்ளன. மின்னஞ்சல் குழுவிலும் அறிவித்திருந்தோம்.' கீழே, நிலை: மூடப்பட்டது.

அஞ்சல் குழுவில் நானும் இருக்கிறேன். என் பெட்டியிலேயே தேடினேன். இருந்தது. திறக்கப்படாமல், தடித்த எழுத்தில். தேதியைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள்.

நேற்றுவரை அவர்கள் மேல் ஒரு பழி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இப்போது பிடிக்க எதுவும் இல்லை. அவர்கள் சரி செய்திருக்கிறார்கள். சொல்லியும் இருக்கிறார்கள். அவர்கள் சரி செய்தது எங்கள் எண்பத்தெட்டுப் பேரைக் கலைத்துப் போட்டுவிட்டது. கலையாமல் காப்பாற்ற இருந்த ஒரே காகிதத்தை நான் கிழிக்க வைத்தேன்.

பத்தரைக்கு ஆய்வுக்கூட முடிவு வந்தது. பத்துப் புட்டியும் என் பழைய மடிக்கணினியின் பட்டியலோடு பொருந்தின. எண்பத்தெட்டுப் பேரையும் அந்தப் பட்டியல்படி பிரித்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். மருந்து வேலை செய்திருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல், கண்ணில் அடிக்கிற மாதிரி. உலோக ருசி, மருந்துப் பக்கம் இருபது, மாவுப் பக்கம் இரண்டு. டாக்டர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"எத்தன பேருக்கு மாத்திச் சொல்லியிருக்கோம்?" என்றார் திரும்பாமலே.

நாற்பத்திரண்டு. மருந்து சாப்பிட்ட இருபத்தொரு பேரிடம் மாவு என்று சொல்லி நிறுத்திவிட்டோம். மாவு சாப்பிட்ட இருபத்தொரு பேரிடம் நீங்கள் சாப்பிட்டது மருந்து என்று சொல்லிவிட்டோம்.

ஆய்வுக் குழு அவசரமாகக் கூடியது. மருந்தை உடனே மறுபடி கொடுக்க முடிவாயிற்று. டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். கடிதம் கூடாது. நர்ஸ்களும் வேண்டாம், திங்கட்கிழமையே அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள். நாற்பத்திரண்டு பேரிடமும் நானே பேச வேண்டும், நாளைக்குள். முப்பத்தேழில் ஆரம்பி என்று அவர் சொல்லவில்லை. புதுப் புட்டியை மட்டும் என் கையில் கொடுத்தார்.

கிளம்புமுன் அந்த மொழிக்காரர்களுக்கு இன்னொரு முறை எழுதினேன். இந்த முறை என் தப்பை முதலில் எழுதினேன். பிறகு, பிழை இல்லையென்றாலும் பழைய நிரல் ஓடும்போது திரையில் ஒரே ஒரு வரி எச்சரித்திருந்தால் நாற்பத்திரண்டு பேருக்கு இது நடந்திருக்காது என்று எழுதினேன். பேருந்தில் போகும்போதே பதில் வந்தது. இரண்டே வரி. 'நாற்பத்திரண்டு பேர் என்பதைப் படித்தோம். அறிக்கையை மறுபடி திறந்திருக்கிறோம்.'

மூன்று மணிக்கு அண்ணி தையல் அறையில் உட்கார்ந்திருந்தார். மெஷின் உறையோடு இருந்தது. கைகள் மடியில், ஒரு துண்டுத் துணிக்கு அடியில்.

எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விதை எண், பதிப்பு, கிழித்த காகிதம், திறக்காத அஞ்சல். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தும் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்டார்.

"திங்கக்கிழம மாவு. இன்னைக்கு மருந்து. நாளைக்கு இன்னொரு வெர்ஷன் வந்தா நான் மறுபடி மாவா?"

"இல்ல அண்ணி. இது கம்ப்யூட்டர் சொன்னது இல்ல. உங்க புட்டில இருந்த மாத்திரையவே உடைச்சுப் பார்த்திருக்காங்க."

துணியை விலக்கினார். வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக நான் பார்க்காத நடுக்கம். மடியை விட்டு எழுந்து மறுபடி மடியில் விழுந்தது.

"செவ்வாக்கிழம சாயங்காலம் ஆரம்பிச்சுது" என்றார். "யாருகிட்டயும் சொல்லல. மாவ நிறுத்தினதுக்கே ஒருத்திக்குக் கை நடுங்குதுன்னா அவளுக்கு வேற எங்கயோ கோளாறுன்னுதானே அர்த்தம்? நீயும்தானே அன்னைக்கு மனசு மனசுன்னு சொன்ன."

அந்தக் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டார்.

"பதினாறு கோட்டு. துணிய எண்ணிக்கூடப் பார்க்காம திருப்பிட்டேன். அத விடு. மூணு நாளா என் கையப் பாத்து என்னென்ன திட்டியிருக்கேன் தெரியுமா? அது பாவம், உண்மையத்தான் சொல்லிட்டிருந்திருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே போதாமல் இருந்தது. அவர் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. புட்டியைத் திறந்து தரச் சொன்னார். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீர் பாதி சிந்தியது. விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாதிரி இன்னும் எத்தன பேரு?"

"உங்களச் சேர்க்காம இருபது பேர்."

"அவங்களும் இப்படித்தான் கைய ஒளிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்டச் சொல்லியாச்சா?"

"முதல்ல உங்ககிட்டத்தான் வந்தேன். இன்னும் ஒரு இருபத்தொரு பேர் இருக்காங்க அண்ணி. அவங்க சாப்பிட்டது மாவு. நான் மருந்துன்னு சொல்லிட்டேன்."

"அவங்கள்ல யாருக்காவது குறைஞ்சுதா?"

"சில பேருக்கு."

"அடப்பாவமே" என்றார், மிக மெதுவாக. "என்கிட்டச் சொன்னது பரவால்ல. அவங்ககிட்ட எப்படிச் சொல்லப் போற?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அவர் எழுந்து, மெஷினுக்கு முன்னாலிருந்த தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"இங்கயே உக்காந்து பேசு. மேல போனா நீ மொதல்ல அழுவ, அப்புறம் காப்பி போடுவ, பொழுது போயிடும். நான் வெளிய இருக்கேன். அடுத்தவங்க கத எனக்கு வேணாம். ஆனா நாப்பத்தொண்ணும் முடியாம இந்தக் கதவத் தொறக்காத."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். காலடிச் சத்தம் படியேறவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி ஒன்று இழுபட்டு நின்றது.

பட்டியலைத் துணி வெட்டும் மேசையில் விரித்தேன். சுலபமானவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு வரிசைப்படி மேலிருந்தே எடுத்தேன். மூன்றாம் எண். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். மாவு. நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது.

மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து என்றதும் குரலில் ஒரு மலர்ச்சி. திங்கட்கிழமைச் செய்தி கேட்டதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மகன் மறுபடி வண்டிச் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறான், அடுத்த புட்டி எப்போது வரும் என்று கேட்டார்.

"உக்காந்திருக்கீங்களா ஐயா?" என்றேன்.

"ஏம்மா?"

"திங்கக்கிழம சொன்ன விஷயம் தப்பு. தப்புப் பண்ணவ நான்தான். மொதல்ல அந்தச் சாவியக் கீழ வச்சிடுங்க, சொல்றேன்."

மறுமுனையில் சாவியை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. நான் சொல்ல ஆரம்பித்தேன்.